மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் அறை எடுத்தோம்

அந்த விடுதியில் நான் மூன்று முறை தங்கியிருக்கிறேன். மூன்று முறையும் வயிறெரிந்துதான் திரும்பினேன். "ஒரு தடவை பட்டா போதாதா, மறுபடியும் அங்கேயே போய் விழணுமா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் வழியாக ஆவடிக்கு வருகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த பங்களா. ஆவடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். சொந்தக் கட்டிலுக்கு இருபது நிமிடத் தூரத்தில் அறை எடுத்துத் தங்குகிறவனை ஊர் என்னவென்று சொல்லும்? ஆனாலும் எடுத்தோம். என் அண்ணனை அந்த விடுதியின் தோட்டத்தில்தான் புதைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் பழைய கோபமும் சேர்ந்து வரும். வரட்டும்.

அப்பா திருச்சிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கல்யாணமான கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அம்மாவுக்குத் தலைப்பிரசவம். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் அப்போது பிரசவத்துக்குப் போனது இந்த பங்களாவுக்குத்தான். எந்த வெள்ளைக்காரனோ கட்டிய வீடு. பிற்பாடு கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் அதைப் பிரசவ ஆஸ்பத்திரியாக நடத்தினார்கள். குழந்தை அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் அழவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இருக்கவேண்டுமே, அது இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அன்றைய பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். அப்பா வாசலிலேயே நின்று கெஞ்சியிருக்கிறார். சட்டம் என்றால் சட்டம்.

இப்போது அப்படியெல்லாம் மறுப்பதில்லை என்கிறார்கள். மாறியது நல்லதுதான். எல்லாம் முடிந்த பிறகு மாறியதால் எங்களுக்கு என்ன ஆயிற்று? அந்தச் சாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், போய்ச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

பிரசவ ஆஸ்பத்திரியின் பெரிய சிஸ்டருக்கு மட்டும் மனசு இருந்தது. பின்பக்கத்து மதில் ஓரமாக, வேப்பமரத்தடியில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் பழைய பலகையை அறுத்துச் சின்னதாக ஒரு பெட்டி செய்து கொடுத்தாராம். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனாராம். மறு வருஷத்துக்கு அடுத்த வருஷம் நான் பிறந்தேன். அதே ஆஸ்பத்திரியில்தான்.

நவம்பர் இரண்டு எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்று எல்லாரும் அவரவர் சொந்தக்காரர்களின் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். எங்கள் குடும்பம் மட்டும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பாரிவாக்கம் பக்கம் போகும். இவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. வேப்பமரத்தடியில் அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, கையளவு சாமந்தி வைத்து, முழங்காலிட்டு ஜெபம் சொல்வாள். வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் "பெரியவன்" என்பாள். அவ்வளவுதான். நான்கு வருஷங்களுக்கு முன்னால் அப்பா போனார். அவருக்கு ஆவடிக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் அம்மா பெரியவனிடம் போய்விட்டுத்தான் அப்பாவிடம் வருவாள்.

சிஸ்டர்கள் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுப் போன பிறகும் தொந்தரவு இருக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பாரிவாக்கத்துக்காரர் ஒருவர் வாட்ச்மேன். எங்களைப் பார்த்ததும் கேட்டைத் திறந்து விடுவார். அப்புறம்தான் ஒரு கம்பெனி வந்து அந்த வீட்டைப் பாரம்பரிய விடுதி ஆக்கியது. தங்க அறை, காலையில் டிபன், கூடவே சரித்திரம்.

முதல் வருஷம் நான் போன் போட்டு, பத்து நிமிடம் பின்பக்கம் போய்வர அனுமதி கேட்டேன்.

"கார்டன் இன்-ஹவுஸ் கெஸ்ட்டுக்கு மட்டும்தான் சார். பாலிசி."

"எங்க அம்மாவுக்கு எண்பது வயசு. ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போயிடுவோம்."

"ஒரு நைட் ஸ்டே பண்ணுங்களேன் சார். ஆன்லைன்ல ரேட்டிங் பாருங்க, செமயா இருக்கும்."

பேசியவர் மேனேஜர். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் அவரிடம் எரிச்சல். திட்டுவதற்கு ஒரு நூல் முனை கிடைக்காது. வேறு வழியில்லாமல் அறை எடுத்தேன்.

வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை. ஒரு துரை வேட்டைக்கு வந்து தங்கக் கட்டிய மாளிகையாம். அதிகாரிகள் இங்கே நடனமாடினார்களாம். கவர்னர் ஒருவர் தேநீர் அருந்தினாராம். நாற்பது வருஷம் சிஸ்டர்கள் இங்கே இருந்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று இந்தப் பக்கத்தில் இன்று நரைத்த தலையோடு திரிகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தக் கூரைக்குக் கீழேதான் முதல் மூச்சு விட்டார்கள். துரை குடித்த டீ சரித்திரமாம், நாங்கள் பிறந்தது கணக்கில்லையாம்.

எங்களுக்குக் கொடுத்தது "துரை அறை". கட்டில் என் இடுப்பு உயரம். அம்மாவை ஸ்டூல் போட்டு ஏற்றவேண்டியிருந்தது. ஏறிய பிறகு இறங்கப் பயந்து, சாயங்காலம் வரைக்கும் கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஐப்பசி மழையில் சுவர் ஊறி, சுண்ணாம்பு பெயர்ந்து தலையணையில் கொட்டியது. சுடுதண்ணீர் வரவில்லை என்றேன். "ஹெரிட்டேஜ் பில்டிங் சார், பைப்பைத் தொடக்கூடாது" என்றார் மேனேஜர். பாத்ரூம் தாழ்ப்பாள் விழவில்லை என்றேன். "ஒரிஜினல் தாழ்ப்பாள் சார்." நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள், இந்தக் குதிரைக்கு நான்கு காலும் நொண்டி, ஹெரிட்டேஜ் என்ற ஒரே சாக்கு.

காலை டிபன் பரிமாறும் கூடம்தான் பழைய பிரசவ வார்டு. அம்மா உள்ளே நுழைந்ததும் நின்றாள். ஜன்னல்களை எண்ணிப் பார்த்தாள்.

"மூணாவது ஜன்னலுக்குக் கீழதான் என் கட்டில்" என்றாள். அந்த இடத்தில் ஜாம் பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சில்லிட்டுப்போன பிரெட்டும், விளிம்பு காய்ந்த ஆம்லெட்டும் வந்தன. அம்மாவுக்குப் பல் இல்லை. இரண்டு இட்லி கிடைக்குமா என்று கேட்டேன்.

"இட்லி லோக்கல் ஆயிடும் சார். நம்ம கான்செப்ட் கலோனியல்."

கேட்டைத் தாண்டி நூறு அடியில் தள்ளுவண்டிக் கடையில் ஆவி பறக்க இட்லி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் வாங்கி வந்தேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்றார்கள். எண்பது வயதுக் கிழவி வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். என் அம்மாவுக்கு அந்த வீட்டில் கிடைத்த உபசாரம் அது.

மெழுகுவர்த்திக்கும் தடை போட்டார்கள். தோட்டத்தில் பிளாஸ்டிக் புல் விரித்திருந்ததால் நெருப்பு கூடாதாம். அதற்குப் பதில் பேட்டரியில் எரிகிற ஒரு பொம்மை மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து நீட்டினார் மேனேஜர். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல மெழுகே இல்லையேப்பா" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். நல்லவேளை, பழைய வாட்ச்மேனை அவர்கள் வேலையை விட்டு நிறுத்தியிருக்கவில்லை. மேனேஜர் உள்ளே போகும்வரை காத்திருந்து வந்தார்.

"நீ ஏத்தும்மா. நான் இங்கயே நின்னுகினு பாத்துக்கிறேன். இன்னா பண்ணிடுவானுங்கோ? நானே இந்த ஊட்டுல பொறந்தவன்தானே" என்றார். வேப்பமரத்தடியில் புல் இல்லாத ஒரு சாண் மண்ணில் அம்மா ஏற்றினாள்.

இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று சபதம் செய்துகொண்டு வீடு வந்தேன். சபதமெல்லாம் அடுத்த அக்டோபர் வரைதான். "பெரியவனுக்கு அறை சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டாள். சொல்லமாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

இரண்டாவது வருஷம் போனபோது வேப்பமரம் இல்லை. பின்பக்கம் முழுக்க சிமெண்டுக் கற்கள் பாவி, ஊஞ்சல் போட்டு, கோழி சுடுவதற்குச் செங்கல் அடுப்பும் கட்டியிருந்தார்கள். அம்மா மதில் ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். குடையை நான் பிடித்திருந்தேன். மரம்தான் அவளுக்கு அடையாளம்.

"எங்கடா? எந்த இடம்டா?"

எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக வருஷாவருஷம் வந்த எனக்கு, மரத்தைப் பார்த்தே பழகிய எனக்கு, இடம் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

வாட்ச்மேன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "நான் ஊர்ல இல்ல சார். பொண்ணு பிரசவத்துக்குக் குத்தம்பாக்கம் போயிருந்தேன். வந்து பாத்தா மரத்தையும் வெட்டி கல்லையும் போட்டுட்டானுங்கோ. இருந்திருந்தா உட்டிருக்க மாட்டேன்." அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். "அடுப்பு கீதே, அதாண்ட வேர் இருந்துச்சு."

அடுப்பில் முந்தின நாள் கரி நனைந்து கிடந்தது. எலும்புகளும் கிடந்தன, கோழி எலும்பு. அம்மா முந்தானையால் அடுப்பு விளிம்பைத் துடைத்தாள். கரி போகவில்லை, முந்தானைதான் கறுத்தது. அங்கேயே மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றினாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேராக மேனேஜர் மேஜைக்குப் போனேன். யாரிடமும் சொல்லாத கதையை, பங்குக் கோயிலில்கூடப் பேசாத கதையை, உரக்கக் கத்திச் சொன்னேன். பெட்டி, ரிக்‌ஷா, சாமியார், சிஸ்டர், மரத்தடி எல்லாம். "நீங்க கோழி சுடுற எடத்துல எத்தனை பிள்ளைங்க கிடக்குதுன்னு தெரியுமாய்யா? அதுல ஒண்ணு என் அண்ணன்!" ஆளைக் கூனிக் குறுக வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் முகம் மாறத்தான் செய்தது. ஆனால் வெட்கத்தில் அல்ல.

"சார்... இது எங்க ரெக்கார்ட்ஸ்லயே இல்லையே சார். என்னா ஸ்டோரி சார் இது!"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். விட்டது நானே, யாரை நோவது?

மூன்றாவது முறை, போன கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. "இன்னொரு வருஷம் வருவேனோ என்னவோ, அவன் கிட்ட சொல்லிட்டு வந்துடணும்" என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை மேனேஜரே போன் செய்தார். அடுப்பை எடுத்துவிட்டோம், அம்மாவை அவசியம் கூட்டி வாருங்கள், அறை எங்கள் செலவு என்றார். மனுஷனுக்கு மனசாட்சி வந்துவிட்டது என்று நம்பினேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் அவருக்காக ஒரு ஜெபம் சொன்னாள். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

போய்ப் பார்த்தால் அடுப்பு இருந்த இடத்தில் சிமெண்டுக் கற்களைப் பெயர்த்து, வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, சுற்றிக் குட்டை வேலி போட்டு, நடுவில் இறக்கை வைத்த குழந்தைச் சிலை ஒன்று. பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் போனும் கையுமாக நின்றார்கள். விடுதியின் மாலை நேர ஹெரிட்டேஜ் வாக்காம். புதிய பலகை ஒன்றும் நட்டிருந்தார்கள். "தேவதைகளின் தோட்டம்" என்று தலைப்பு. கீழே, துரை காலத்திலிருந்தே அந்திப் பொழுதில் இங்கே குழந்தைகளின் சிரிப்புச் சத்தம் கேட்பதாக விருந்தினர்கள் சொல்வதுண்டு என்று எழுதியிருந்தது.

அழவே அழாத பிள்ளையய்யா அது! ஒரு முறை அழுதிருந்தால் தலையில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். தண்ணீர் ஊற்றியிருந்தால் கல்லறையில் ஆறடி கிடைத்திருக்கும். ஒரு அழுகை இல்லாததால் மதில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவனைச் சாயங்காலமானால் சிரிக்க வைக்கிறார்கள், வாடிக்கையாளர் போட்டோ எடுக்க. பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதால் நகர முடியவில்லை.

மேனேஜர் கையில் பேனாவும் காகிதமுமாக வந்தார். பலகைக்குக் கீழே வழவழப்பான கறுப்புக் கல் ஒன்று. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அம்மா, குழந்தையோட பேர் மட்டும் சொல்லுங்க. கல்லுல வெட்டிடுறோம். பேர் இருந்தாதான்மா ஒரு கனெக்ட் வரும்."

"பேரெல்லாம் கிடையாது" என்றேன் நான். "பேர் வைக்கவே விடலைய்யா அவனுக்கு. அதுதான் கதையே. போங்க."

"இருந்துச்சு" என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே பெயரைச் சொன்னாள்.

மேனேஜர் எழுதப் போனவர் நிறுத்தினார். பெரியவர்கள் தடுமாறும்போது சிரிப்போமே, அப்படிச் சிரித்தார். "அது சாரோட பேரும்மா. ரிஜிஸ்டர்ல பார்த்தேனே."

"இவன் பேருதான். மொதல்ல அவனுக்கு வெச்சது. ஏழாம் மாசமே நானும் இவங்கப்பாவும் பேசி, பையன் பொறந்தா இந்தப் பேருன்னு முடிவு பண்ணி, வயித்துக்குள்ள இருக்கும்போதே கூப்பிட்டுப் பழகிட்டோம். சாமியார் இடம் இல்லன்னுட்டாரு. பேரையும் அவனோட மண்ணுல போட்டுட்டா அப்புறம் அந்தப் பிள்ளைய எங்க போய்க் கூப்பிடுறது? அதான் அடுத்து வந்த இவனுக்கு அதையே வெச்சோம்."

எனக்கு இது தெரியாது. அறுபதை நெருங்கிவிட்டேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவும் சொல்லாமலே போய்விட்டார். அந்த நேரத்தில் அம்மா மேலும் எனக்குக் கோபம் வந்தது. இந்த மேனேஜரிடம் சொல்லத் தெரிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லையா? ஆனால் சொல்லியிருந்தால் நான் அந்தப் பெயரோடு எப்படி வளர்ந்திருப்பேனோ, அதுவும் தெரியவில்லை.

"அப்ப அதையே போட்டுடலாமாம்மா?" என்றார் மேனேஜர். அவர் வேலையில் அவர் குறி.

"வேணாம்ப்பா. கல்லுல போட்டா செத்தவன் பேரு ஆயிடும். வீட்டுல நான் தினமும் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். போன்களை நீட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் தன் போனை இறக்கினாள். "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று வாட்ச்மேன் மற்றவர்களை ஊஞ்சல் பக்கம் ஓட்டினார். நான் வேலியைத் தாண்டிப் போய், கூழாங்கல்லைக் கையாலேயே விலக்கி, மண் தெரிகிற மட்டும் பள்ளம் பறித்தேன். யாரும் தடுக்கவில்லை.

அம்மாவால் முழங்காலிட முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை குனிந்து மெழுகுவர்த்தியைப் பள்ளத்தில் நட்டாள். இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன. மூன்றாவதில் திரி பற்றியது. உதடு அசைய ஜெபம் சொன்னாள். முடித்ததும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தினமும் காபிக்குக் கூப்பிடுகிற அதே குரல்.

"என்னம்மா?" என்றேன்.

"உன்ன இல்லடா" என்றாள்.